சின்னபொண்ணுக்கு அறுபத்தெட்டு

எனக்குக் கோபம் வந்தால் சுலபத்தில் அடங்காது. பேராசிரியர் மேல் வந்த கோபம் அடங்க ஒரு வருஷம் ஆயிற்று. பாண்டுரங்கன் வாத்தியார் மேல் வந்தது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. என் மேல் எனக்கு வந்தது மட்டும் ஆறு வருஷமாகியும் குறையவில்லை. எழுதினால் குறையும் என்ற நம்பிக்கையில் இதை எழுதவில்லை. யாராவது ஒருவருக்காவது நடந்தது தெரியட்டும், அவ்வளவுதான்.

என் பெயர் சுமதிநாதன். செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள்; நிலம் உண்டு, மாடு உண்டு, படித்தவன் நான் ஒருத்தன்தான். 1961இல் சென்னையில் உளவியல் எம்.ஏ. முடித்தவுடன் என் பேராசிரியர் தன் ஆராய்ச்சிக்கு என்னை உதவியாளனாக வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் இருந்த ஓர் அறிவுச் சோதனையை அவர் தமிழ்ப் பிள்ளைகளுக்காக மாற்றி எழுதியிருந்தார். விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பதினொரு கிராமப் பள்ளிகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து அந்தச் சோதனையை நடத்துவது என் வேலை. முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கிடைக்கும். நூறு என்றால் சராசரி. எழுபதுக்குக் கீழே போனால் மந்தம். ஆராய்ச்சி நல்லபடி முடிந்தால் புத்தகமாக வரும், ஜில்லா முழுக்க இந்தச் சோதனை நடக்கும், எனக்கு அவர் துறையிலேயே நிரந்தர வேலை.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. சோதனையை ஊருக்கு ஏற்றதாக ஆக்க வேண்டுமென்று உண்மையாகவே பாடுபட்டார். ஆப்பிளை எடுத்துவிட்டு மாம்பழம் போட்டார். பதிமூன்று பென்னிக் காசுகளை எண்ணச் சொல்லும் இடத்தில் பதிமூன்று வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, போட்டார். “இரவுச் சாப்பாடு எப்போது?” என்று ஒரு கேள்வி உண்டு, “விளக்கு வைத்த பிறகு” என்றால்தான் மார்க். எங்கள் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து அடுப்பை அணைத்துவிடுவோம். என்னைக் கேட்டாலே சுழிதான் சார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உன்னை மாதிரி எத்தனை பேரப்பா இருக்கப்போகிறார்கள் என்று அவரும் சிரித்தார். நான் அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது. வேலை கொடுப்பவர் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிக்காமலிருக்க எனக்கு அப்போது தைரியம் இல்லை.

கிளியனூரைத் தாண்டி உள்ளே இரண்டு மைல் நடந்தால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே ஐந்தாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். வகுப்பு ஆசிரியர் பாண்டுரங்கன், நாற்பது வயது இருக்கும், அடக்கமான மனிதர். நவம்பர் மாதம் நான் பெட்டியோடு போய் இறங்கிய அன்று, பள்ளிக்கூட வேலியோரம் துரைக்கண்ணு என்கிற குடியானவர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் மல்லாட்டை போடுகிறவர். அவருடைய ஒரே மகள் சின்னபொண்ணு அந்த வகுப்பில் படித்தாள். ஆறாம் வகுப்புக்குத் திண்டிவனம் போக வேண்டும். அங்கே அவருடைய தங்கை வீடு இருக்கிறது, விட்டுப் படிக்கவைக்கலாம் என்று அவருக்கு ஆசை. கூட்டுக்குடும்பத்தில் மூத்தவரான அண்ணன் வேங்கடேசன், பொட்டைப்பிள்ளைக்கு எதற்குப் பட்டணத்துப் படிப்பு என்று முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இருவருக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. மெட்ராஸிலிருந்து சோதனை வருகிறதாமே, அது என்ன சொல்கிறதோ அதன்படி செய்வது.

“படிப்பு ஏறும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும் நயினாரே. எங்கண்ணன் வாயத் தொறக்க மாட்டாரு” என்றார் துரைக்கண்ணு.

நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, சோதனை சொல்லும் என்று பெருமையாகப் பதில் சொன்னேன்.

சின்னபொண்ணுவுக்குப் பத்து வயது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் கரி ஒட்டிய பலகை. எதிரே உட்கார்ந்தவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் மேஜையில் என்ன எடுத்துவைக்கிறேன் என்பதையே பார்த்தாள். வழி தவறிப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். போலீஸ்காரரையோ பெரியவர்களையோ கேட்பேன் என்று சொல்ல வேண்டும். “தவற மாட்டேங்க” என்றாள். சுழி. மழையில் வெளியே போகும்போது எதை எடுத்துப்போவாய் என்றேன். மழை வந்தால் வெளியே போக மாட்டோம், காய்கிற மல்லாட்டையை வாரி உள்ளே கொட்டுவோம் என்றாள். குடை என்கிற சொல் வராததால் அதற்கும் சுழி. இரவுச் சாப்பாடு எப்போது என்றதற்கு அப்பா கழனியிலிருந்து வந்ததும் என்றாள். அது எனக்கே நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சுழி.

பிறகு பதிமூன்று மல்லாட்டையை அவள் முன்னால் வரிசையாக வைத்து, தொட்டுத் தொட்டு உரக்க எண்ணச் சொன்னேன். அவள் மளமளவென்று எண்ணினாள்.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு...”

பதிமூன்றில் சரியாக வந்து நின்றாள். அவர்கள் வீட்டுக் களத்தில் மரக்கால் போட்டு அளக்கும்போது பக்கத்தில் நின்று கணக்குச் சொல்கிறவள் அவள்தான். அளக்கிற இடத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுபோகும் என்பார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் அளப்பார். எனக்குத் தெரியாததா இது? ஆனால் விதிப்புத்தகத்தில் ‘ஒன்று முதல் பதிமூன்று வரை பிழையின்றி’ என்று அச்சடித்திருந்தது. விதியை மீறினால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று சுழி போட்டேன். ஆறு வயதுப் பிள்ளைகள் செய்ய வேண்டிய கணக்கில் அவள் தவறியதாக ஆயிற்று, மொத்த மதிப்பெண் அங்கேயே சரிந்தது. கூட்டிப் பார்த்தால் அறுபத்தெட்டு.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் தடவை நடத்த வேண்டும். அதே கேள்விகள், அதே மல்லாட்டை, அதே ‘தவற மாட்டேங்க’, அதே லாபம். மறுபடியும் அறுபத்தெட்டு. வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய முன்பு வந்ததே வந்தது. பேராசிரியருக்கு எழுதினேன், அவர் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டார். சோதனை நம்பகமானது என்று நிரூபணமாகிவிட்டது, இனி ஏற்புடைமை ஒன்றுதான் பாக்கி என்று எழுதியிருந்தார். நம்பகம் என்றால் எத்தனை தடவை அளந்தாலும் ஒரே அளவு வருவது. ஏற்புடைமை என்றால் எதை அளக்கிறோம் என்று சொல்கிறோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பது. எம்.ஏ. பரீட்சையில் இந்த வித்தியாசத்தைப் பக்கம் பக்கமாக எழுதி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவன் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஏற்புடைமையைச் சரிபார்க்கப் பேராசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். பிள்ளைகளை வருஷக்கணக்காகப் பார்த்துவரும் ஆசிரியர், சோதனையில் யாருக்கு என்ன வந்தது என்று தெரியாமலே, கெட்டிக்காரப் பிள்ளை தொடங்கி மந்தமான பிள்ளை வரை வரிசைப்படுத்தி எழுதித்தர வேண்டும். அந்த வரிசையும் சோதனை காட்டும் வரிசையும் பொருந்தினால் சோதனை ஏற்புடையது. தெரியாமலே என்பதுதான் அதில் உயிர். விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அதற்கு அடிக்கோடு போட்டிருந்தது.

இரண்டாம் சோதனை முடிந்த மாலை பாண்டுரங்கன் என்னை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நான் நயினார் என்று தெரிந்து, அவர் மனைவி அம்சா வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்து, ஐந்து மணிக்கெல்லாம் இலை போட்டுவிட்டார். எனக்காக அந்த வீட்டில் எல்லோரும் வெளிச்சத்திலேயே சாப்பிட்டார்கள். அந்த அன்பில் என் வாய் திறந்துகொண்டது. வரிசை எழுதிவிட்டீர்களா சார் என்று கேட்டேன். எழுதி வைத்திருக்கிறேன், காலையில் தருகிறேன் என்றார். எழுதியாயிற்றே, இனி என்ன கெட்டுவிடப்போகிறது என்று நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்த எண்ணைப் படித்துக் காட்டினேன். சின்னபொண்ணு லாபம் என்று தொடங்கியதை நடித்துக்காட்டிச் சிரிக்கவும் சிரித்தேன்.

பாண்டுரங்கன் சிரிக்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்கா சார் அறுபத்தெட்டு? தப்பு ஒண்ணும் இருக்காதுங்களே?”

இரண்டு தடவை வைத்துப் பார்த்தாயிற்று, இரண்டு தடவையும் அதேதான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மோர் ஊற்றச் சொன்னார்.

மறுநாள் காலையில் வரிசையைக் கொடுத்தார். மசியில், மணிமணியான கையெழுத்து. சின்னபொண்ணு இருபத்தொன்றாவது இடத்தில் இருந்தாள். விழுப்புரத்தில் ஸ்டேஷன் பக்கம் நான் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து, இரண்டு வரிசைகளுக்கும் பொருத்தம் பார்த்தேன். முழுப் பொருத்தம் என்றால் ஒன்று, பொருத்தமே இல்லை என்றால் சுழி. எனக்குப் புள்ளி எட்டு நான்கு வந்தது. மற்றப் பள்ளிகளிலும் இதே மாதிரிதான். இத்தனை நல்ல பொருத்தத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று பேராசிரியர் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஜூன் மாதம், பிள்ளைகளின் வருஷப் பரீட்சை மார்க்கைக் குறித்துக்கொள்ள மறுபடி அந்தப் பள்ளிக்குப் போனேன். பதிவேட்டில் சின்னபொண்ணுவின் பெயருக்கு எதிரே வருஷப் பரீட்சைக் கட்டங்கள் காலியாக இருந்தன. பிப்ரவரியிலேயே நின்றுவிட்டாள் என்றார் பாண்டுரங்கன். நீங்கள் அனுப்பிய முடிவைத் தலைமை ஆசிரியர்தான் துரைக்கண்ணுவிடம் சொன்னார், பெரியவர் வேங்கடேசன் அன்றைக்கே நிறுத்திவிட்டார் என்றார். என் கண் அதற்கு முன் கட்டத்தில் இருந்த அரைப்பரீட்சை மார்க்குக்குப் போயிற்று. நான் இரண்டாம் சோதனை நடத்திய அதே டிசம்பர் மாதம். அந்தப் பெண் வகுப்பில் மூன்றாவதாக வந்திருந்தாள்.

வகுப்பில் மூன்றாவதாக வருகிற பிள்ளையை எப்படி சார் இருபத்தொன்றில் போட்டீர்கள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் அலமாரியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். பென்சிலில் எழுதிய இன்னொரு வரிசை. அதில் அவள் மூன்றாவதாக இருந்தாள். இன்னும் ஒன்பது பிள்ளைகள் வேறு வேறு இடத்தில் இருந்தார்கள்.

“இதுதான் சார் நான் மொதல்ல எழுதனது. நீங்க எங்க ஊட்ல கை நனைச்சவரு. மெட்ராஸ்லேர்ந்து இவ்ளோ பெரிய சோதனைய எடுத்துக்கினு வந்து ரெண்டு தபா பாத்து சொல்றீங்க. அதுக்கு மாறா நான் ஒண்ணு எழுதிக் குடுத்தா உங்களுக்கு பேஜாரு இல்லீங்களா? அதான் ராவோட ராவா மாத்தி எழுதிட்டேன்.”

பிறகு, எனக்கு அது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து, இன்னொன்றும் சொன்னார். எண்ணும்போது லாபம் என்று சொல்கிற பழக்கத்தை அந்தப் பெண்ணுக்கு அடித்துத் திருத்திவிட்டாராம்.

நான் அந்தப் பென்சில் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். விழுப்புரம் வந்ததும் அறைக்குப் போகக்கூடப் பொறுமை இல்லை. ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில், நடுமத்தியானத்தில், டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக் கணக்குப் போட்டேன். புள்ளி ஒன்று ஒன்பது. தவறாகப் போட்டுவிட்டேனோ என்று திரும்பப் போட்டேன். அதேதான். அந்தச் சோதனை இத்தனை நாளும் பிள்ளைகளின் அறிவை அளக்கவில்லை, வாத்தியாரின் மரியாதையைத்தான் அளந்திருந்தது. இது ஒரு பள்ளிதானே என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. பதினொரு ஊர்களிலும் ஏதாவது ஒரு வாத்தியார் வீட்டில், பொழுது சாய்வதற்குள் எனக்கு இலை போட்டிருந்தார்கள். பதினொரு வீட்டிலும் நான் நோட்டைப் பிரித்திருந்தேன்.

மறுநாளே சென்னைக்குப் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் பென்சில் காகிதத்தை நிதானமாகப் பார்த்தார். அந்த ஒரு பள்ளியை விட்டுவிடலாம், பத்துப் பள்ளிகளே போதும் என்றார். பதினொன்றிலும் வாத்தியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இப்படித்தான் சார் நோட்டைப் பிரித்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நீ சாப்பிட்டதெல்லாம் ஆராய்ச்சியில் எங்கேயும் எழுதவில்லையே, சுமதிநாதன்” என்றார் கடைசியில்.

மிரட்டவில்லை. கெஞ்சுகிற குரல்தான். அச்சகத்துக்குப் பாதிப் பக்கங்கள் போய்விட்டன, என் வேலைக்கான உத்தரவும் அவர் மேஜை மேல் இருந்தது. நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படி இறங்கி வந்துவிட்டேன். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் அறையிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் துரைக்கண்ணு வீட்டுக்குப் போனேன். திண்டிவனத்துப் பள்ளியில் வருஷப் பரீட்சை எழுதாத பிள்ளைகளுக்குத் தனியாகப் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்வார்கள்; சேர்க்கை முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. அவர் மாட்டுக்கொட்டகையோரம் விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். சின்னபொண்ணு சற்றுத் தள்ளி முறத்தில் தோலைப் புடைத்துக்கொண்டிருந்தாள். சோதனை தப்பு, உங்கள் பெண் நன்றாகப் படிக்கிற பெண் என்று எடுத்த எடுப்பில் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“ரெண்டு தபா பாத்து, ரெண்டு தபாவும் அதே வந்துதுன்னாங்களே நயினாரே. எடக்கல்லு ரெண்டு தபா ஒரே எட காட்டுனா அத்த நம்பித்தானே விக்கறோம், வாங்கறோம்.”

“கல்லே குறைஞ்ச கல்லா இருந்தா எத்தன தடவ நிறுத்தாலும் அதே தப்புதாங்க வரும்” என்றேன்.

இப்போது அவர் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப, கொறஞ்ச கல்ல வெச்சிக்கினா ஊரு ஊரா எங்க புள்ளைங்கள நிறுத்தீங்க?”

கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு பிடி தோலை அள்ளிக் கூடையில் போட்டார். பிறகு, நீங்கள் வாயால் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, அப்போது காகிதத்தில் வந்தது, இப்போதும் காகிதத்தில் வந்தால்தான் எங்கள் அண்ணன் ஒத்துக்கொள்வார், பள்ளிக்கூடத்துக்கும் காட்ட வேண்டும் என்றார்.

காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது தலைமை ஆசிரியர் வழியாகச் சென்னைக்குப் போகும். எனக்கு அது நன்றாகத் தெரியும். பேனாவைத் திறந்து, மாட்டுக்கொட்டகைக் கட்டையில் காகிதத்தை வைத்து எழுதினேன். இந்தப் பள்ளியில் நான் நடத்திய சோதனை பிழையானது, மாணவி சின்னபொண்ணுவின் மதிப்பெண்ணை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது, பிழை முழுவதும் என்னுடையது. அந்தக் காகிதம் என் வேலையைக் கொண்டுபோயிற்று. இப்போது விழுப்புரத்தில் ஒரு டுட்டோரியலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். பேராசிரியரின் புத்தகம் பதினொரு பள்ளிகளோடும் வந்தது, மற்றப் பத்து ஊர்களுக்கு நான் போகவும் இல்லை.

துரைக்கண்ணு காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். முகம் கொஞ்சம் இளகியிருந்தது. மகளைக் கூப்பிட்டு, தங்கை வீட்டுக்குப் போகிறாயா, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றார். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“எனக்கு ஏறாதுப்பா. ரெண்டு தபா பாத்தாங்க இல்ல” என்றாள்.

அதெல்லாம் தப்பும்மா, நான்தான் தப்புச் செய்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கீழே கிடந்ததில் பதிமூன்று மல்லாட்டை பொறுக்கி அவள் முன்னால் வரிசையாக வைத்தேன். உங்கள் களத்தில் எப்படிச் சொல்வாயோ அப்படியே எண்ணு, நீ எண்ணுவதுதான் சரி என்றேன். அவள் முதல் கொட்டையின் மேல் விரலை வைத்தாள். தொடங்க வெகுநேரம் ஆயிற்று.

“ஒண்ணு” என்றாள்.

“இப்பக் களத்துலயும் அப்பிடித்தான் ஆரம்பிக்குது. அதான் எங்கண்ணன் கணக்குச் சொல்ல வுடறதில்ல” என்றார் துரைக்கண்ணு தாழ்ந்த குரலில்.

அவள் மேலே எண்ணினாள். ரெண்டு என்றுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மூணு என்றுவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கொட்டைக்கும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து, மெதுவாகப் பதிமூன்றுக்கு வந்தாள். விதிப்புத்தகத்தின்படி ஒரு பிழை இல்லை.

“செரிங்களா சார்?” என்று கேட்டாள்.

முன்பு இரண்டு தடவையும் அவள் அப்படிக் கேட்டதே இல்லை.